நம் வாசலுக்கு வரும் வசந்தம்



சென்ற ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி புத்தகத்தின் நடுவில் எதையோ மறைத்து வைத்து, பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். புகைப்படம். அவளுடைய அண்ணன் சிரம்பானில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். முந்திய ஆண்டு பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஆற்றங்கரை ஓரம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும் சக்குரா மரங்களின் அடியில் நின்று எடுத்துக்கொண்ட படம்.

கோபித்துக்கொள்ளவில்லை. படத்தை வகுப்பு முழுவதும் சுற்றி வரச் சொன்னேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். கடைசியில் அந்த மாணவியே எழுந்து கேட்டாள்: "டீச்சர், நம்ம தோட்டத்துக்கு ஏன் வசந்தம் வர்றதில்லே?"

"நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். இங்கே நான்கு பருவங்கள் இல்லை. வெயிலும் மழையும்தான்" என்று பாடப்புத்தகப் பதிலைச் சொல்லி உட்காரச் சொன்னேன். அன்று இரவு அந்தப் பதில் என்னை உறங்கவிடவில்லை. அது பாதிப் பதில்தான் என்று எனக்கே தெரியும்.

முதலில் ஜப்பானியர்கள் வசந்தத்தை எப்படி வரவேற்கிறார்கள் என்று பார்ப்போம்.

பிப்ரவரி 3-ஆம் தேதி அளவில் 'செட்சுபுன்' வருகிறது. வறுத்த சோயா அவரையை வீட்டுக்கு வெளியே வீசித் தீயவற்றை விரட்டுகிறார்கள். நம் போகி நினைவுக்கு வருகிறதல்லவா? மார்ச் 3-இல் 'ஹினா மட்சுரி'. பெண் குழந்தைகளின் நலனை வேண்டி, சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசன், அரசி, பணிப்பெண்கள், வாத்தியக்காரர்கள் என்று பொம்மைகளை அடுக்குவார்கள். அதைப் பார்க்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணும் "இது நம்ம நவராத்திரிக் கொலு" என்றுதான் சொல்வாள். ஏப்ரல் 14, 15 தேதிகளில் தக்கயாமா நகரில் அலங்காரத் தேர்கள் வீதியுலா வரும். மே 5 சிறுவர் தினம். வீட்டுக்கு வீடு மீன் வடிவக் கொடிகள் காற்றில் நீந்தும்.

இத்தனைக்கும் நடுவில் இருப்பது சக்குரா. தெற்கே ஓக்கினாவாத் தீவுகளில் ஜனவரியிலேயே பூக்கத் தொடங்கி, மார்ச் கடைசியில் தோக்கியோவை அடைந்து, வடக்கே ஹொக்கைடோவுக்கு ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ போய்ச் சேருகிறது. அந்நாட்டு வானிலை நிலையம் ஊருக்கு ஊர் ஓர் அடையாள மரத்தை வைத்திருக்கிறது. அதில் ஐந்து ஆறு பூக்கள் விரிந்துவிட்டால், "இந்த ஊரில் சக்குரா பூத்துவிட்டது" என்று அறிவிப்பார்கள். உடனே மக்கள் பாயும் சோற்றுப் பெட்டியுமாகக் குடும்பத்தோடு மரத்தடிக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பெயர் 'ஹனாமி'. பொருள் வேறொன்றுமில்லை, 'பூப் பார்த்தல்'. முழுதாய்ப் பூத்த மரம் ஒரு வாரம் நின்றாலே பெரிது. ஒரு மழை, ஒரு காற்று, அவ்வளவுதான். கொஞ்ச நாள் விருந்தாளி என்பதால்தான் அதற்கு அவ்வளவு மரியாதை.

கியோட்டோ நகரில் சக்குரா பூத்த நாள்களை ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகக் குறித்து வந்திருக்கிறார்கள். 2021-இல் மார்ச் 26-ஆம் தேதியே முழுதாய்ப் பூத்துவிட்டது. அதுவரையிலான அத்தனை நூற்றாண்டுக் குறிப்புகளிலும் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லையாம். பூமி சூடாகிறது என்பதை அந்தப் பூவும் சொல்கிறது.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

என் தாயார் பால்மரம் வெட்டியவர். நான் பிறந்து வளர்ந்தது நெகிரி செம்பிலானில் ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில். இப்போது நாற்பதைக் கடந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாக நினைவிருக்கும். தைப்பூசக் காவடி முடிந்து நாம் வீடு திரும்பும் சமயம், பால்மரத்து இலைகள் நிறம் மாறத் தொடங்கும். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் செம்பாகும், சில மரங்கள் குங்குமத்தைக் கொட்டியதுபோல் நிற்கும். பிறகு உதிரும். மலைக்காடு முழுவதும் கணுக்கால் அளவு சருகு. நாங்கள் அதைக் குவித்து, ஓடிவந்து குதிப்போம். சில வாரங்களில் மொட்டைக் கிளைகளில் செம்பு நிறத் தளிர் வரும். அதோடு சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். அந்தத் தளிரின் காம்பில் ஊறும் தேனுக்குத் தேனீக்கள் மொய்க்கும். தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்போருக்கு ரப்பர்த் தளிர்க்காலம்தான் தேன் காலம்.

இதைவிட வேறென்ன வசந்தம் வேண்டும்? ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதை வசந்தம் என்று சொன்னதில்லை. 'எலை கொட்டுற காலம்' என்றார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடும்.

காரணம் உங்களுக்குத் தெரியும். இலை கொட்டிய மரம் பால் சுரக்காது. தளிர் விடும் காலத்தில் மரத்தின் சத்தெல்லாம் தளிருக்கே போய்விடும். அம்மா விடியுமுன் பிரட்டுக்குப் போய், நிரை நிரையாக வெட்டி, மங்கில் விழுந்த இலையைப் பொறுக்கி எறிந்து, பாலைச் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் வாளி பாதிகூட நிறைந்திருக்காது. சில தோட்டங்களில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். இளந்தளிரில் சாம்பல் நோய் விழுந்தாலோ, இலை இரண்டாம் முறையும் கொட்டும். பாலுக்கு ஏற்ற கூலி. பால் இல்லை என்றால் கூலியும் இல்லை. கடையில் பற்றுப் புத்தகத்தின் பக்கங்கள் நிறையும். பள்ளிக்கூடம் திறந்த புதிது வேறு. காலணி கிழிந்தால் மே மாதம்வரை அதையே தைத்துப் போடவேண்டும்.

ஒரு நாள் சிவந்த இலை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி, "அம்மா, எவ்வளவு அழகு பாரேன்!" என்றேன். அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. "அழகைப் பார்த்தா அடுப்பு எரியுமாடி?" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வெகுநாள் வருத்தம் இருந்தது. நான் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தத் தொடங்கிய பிறகுதான் அந்த வருத்தம் போயிற்று.

இன்று அந்த மலைக்காட்டில் கித்தா இல்லை. செம்பனை நிற்கிறது. செம்பனை இலை உதிர்க்காது, நிறம் மாறாது. ஆண்டு முழுவதும் ஒரே பச்சை, ஒரே குலை வெட்டு. கோலப்பிலா, பகாவ் பக்கம் சிறு தோட்டங்களில் இன்னும் கித்தா மரங்கள் இருக்கின்றன. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இலை கொட்டும் காலத்தைக் கண்டதே இல்லை. வசந்தம் என்றால் ஜப்பான் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பென்ன?

மறுநாள் வகுப்பில் என் பதிலைத் திருத்திச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், பெற்றோர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளை அழைத்துப்போனேன். எழுபது வயதைத் தாண்டிய என் தாயாரும் கூட வந்தார். போன இடம் தஞ்சோங் துவான்.

போர்ட்டிக்சன் பட்டணத்திலிருந்து கடற்கரை ஓரமாகத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு காட்டு முனை. சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருக்க, அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. உச்சியில் ஒரு பழைய கலங்கரை விளக்கம். நான்கு நூற்றாண்டுகளுக்கு முன், 1606-இல், இந்தக் கடலில்தான் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள்.

நாங்கள் பார்க்கப் போனது கப்பலை அல்ல, பருந்துகளை. ஜப்பானிலும் சீனாவிலும் சைபீரியாவிலும் குளிர் தொடங்கும்போது தெற்கே வந்து, சுமத்திரா, ஜாவா காடுகளில் தங்கும் பறவைகள், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தாய்வீடு திரும்புகின்றன. அவற்றில் மிகுதியானது தேன் பருந்து. தேனீ, குளவிக் கூடுகளைப் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்னும் பறவை அது.

ஏன் இந்த முனைக்கு வருகின்றன? பருந்து இறக்கையை ஓயாமல் அடித்துப் பறப்பதில்லை. வெயிலில் நிலம் சூடாகி மேலெழும் காற்றில் ஏறி, வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சறுக்கிக்கொண்டே போகும். கடலின்மேல் அந்தச் சூட்டுக்காற்று எழுவதில்லை. அங்கே இறக்கையை அடித்தே ஆகவேண்டும். ஆகவே கடல் குறுகலான இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்குச் சுமார் 38 கிலோமீட்டர்தான். அதைக் கடந்து களைத்து வருவதால் மரத்தின் உச்சி உயரத்திலேயே நம் தலைக்குமேல் வந்துவிடும்.

பதினொரு மணிவாக்கில் முதல் பறவை தெரிந்தது. கடலின்மேல் ஒரு புள்ளி. பிறகு நாலு, பத்து. இறக்கையை அடித்து அடித்து வந்த பறவைகள் கரையைத் தொட்டதும் இறக்கையை விரித்து நின்றன. காற்று அவற்றை அப்படியே மேலே தூக்கிற்று. பிள்ளைகள் கத்தியே விட்டார்கள்.

ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சில தேன் பருந்துகளின் முதுகில் சிறு கருவி பொருத்தி, துணைக்கோள் வழியாக அவற்றின் பாதையைத் தொடர்ந்திருக்கிறார்கள். ஜப்பானில் கூடு கட்டும் பறவைகள் நம் தீபகற்பத்தின் வழியாகத் தெற்கே வந்து, மீண்டும் இதே வழியாக வடக்கே ஏறி, சீனாவைக் கடந்து மே மாதத்தில் ஜப்பானை அடைகின்றன. ஒரு வழிக்கே பத்தாயிரம் கிலோமீட்டர் அளவு. இதை அந்த மாணவியிடம் சொன்னேன். "அப்படின்னா ஜப்பானுக்கு வசந்தம் நம்ம ஊரு வழியாத்தான் போகுது டீச்சர்!" என்றாள். என் பாடத்தை அவள் எனக்கே நடத்திவிட்டாள்.

அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி மேலே காத்து தூக்காதாம்மா?" என்று கேட்டார். தூக்காது என்றேன். "கரை வர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கணும். எலை கொட்டுற காலத்துல நாங்களும் அப்படித்தான் கரையேறினோம்" என்றார். பிறகு ஒரு பிள்ளையை மடியில் இழுத்து உட்காரவைத்து, பால்மரத்து இலை சிவக்கும் கதையைச் சொல்லத் தொடங்கினார். அழகாக இருக்கும் என்றுதான் சொன்னார்.

நீங்களும் போக விரும்பினால் சில குறிப்புகள். பிப்ரவரி கடைசி முதல் மார்ச் நடுப்பகுதிவரை நல்ல காலம். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து மார்ச் மாதத் தொடக்கத்தை ஒட்டி அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்தி வந்திருக்கிறது. அந்தந்த ஆண்டின் தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குமுன் மேலே ஏறிவிடுங்கள். நண்பகலை ஒட்டித்தான் பறவைகள் மிகுதி. மழை நாளில் போகவேண்டாம். தொப்பி, தண்ணீர், கட்டுச்சோறு அவசியம். தூரக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. குரங்குகள் உண்டு, சோற்றுப் பொட்டலம் பத்திரம். குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

ஜப்பானுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2013 முதல் மலேசியர்களுக்கு குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா வேண்டியதில்லை என்றாகியிருக்கிறது. சக்குரா காலத்தில் அறை வாடகை ஏறிவிடும். பூவும் நாம் குறித்த நாளில் பூக்காது. சேமித்துப் போங்கள், கடன் வாங்கிப் போகாதீர்கள். பற்றுப் புத்தகத்தோடு வளர்ந்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

அதற்குமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கித்தா மரம் இன்னும் நின்றால், வரும் தைப்பூசம் கழிந்து பிள்ளைகளை அங்கே அழைத்துப்போங்கள். பாயை விரித்து, கொண்டுபோன சோற்றைப் பிரித்து வையுங்கள். பாட்டிமார் இருந்தால் அவர்களையும் உட்காரவைத்து, அந்தக் காலத்தில் எத்தனை மரம் வெட்டினார்கள், எவ்வளவு பால் கிடைத்தது என்று கேளுங்கள். இலை உதிர்ந்த காலத்தில் அவர்கள் அடுப்பை எப்படி எரியவைத்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். இத்தனை காலம் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் போன அந்தச் சிவப்பை அவர்களும் ஒரு முறை நிம்மதியாகப் பார்க்கட்டும்.