திண்டுக்கல்லில் இறங்குங்கள்

கப்பலில் உல்லாசப் பயணம் செய்வோருக்கு ஒரு நெருக்கடி உண்டு. காலையில் துறைமுகத்தில் இறங்கினால் மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். இடைப்பட்ட சில மணி நேரத்தில் எதைக் காண்பது, எதை விடுவது என்று முன்னரே தீர்மானித்தாக வேண்டும். உடன் வருவோர் பதின்வயதுப் பிள்ளைகள் என்றால் சிக்கல் இன்னும் கூடும். ஊஞ்சலும் பலூனும் அவர்களுக்குப் போதா. பெரியவர்கள் இரசிக்கும் காட்சிகளோ சலிப்பூட்டும்.

திண்டுக்கல்லுக்குக் கடல் இல்லை. எனினும் துறைமுகத்தின் இயல்பு அதற்குண்டு. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் மதுரைக்கும் செல்வோர் இவ்வூரை ஒட்டியே செல்கின்றனர். சீரகச் சம்பா பிரியாணி உண்டபின் வண்டியேறிவிடுகின்றனர். வளர்ந்த பிள்ளைகளோடு வருவோர் இங்கே அரை நாளேனும் தங்கிச் செல்ல வேண்டும் என்பதே நம் கருத்து.

முதலில் மலைக்கோட்டை. வெயில் ஏறுமுன் ஏறிவிடுவது நல்லது. 1605இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் தொடங்கிய கோட்டை இது. 1755இல் மைசூர் அரசின் அலுவலராக இங்கு வந்த ஹைதர் அலி, பின்னாளில் மைசூரையே ஆண்டார். 1772இல் கணவரை இழந்த வேலு நாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலம் பெற்று, ஹைதரின் துணையுடன் 1780இல் சிவகங்கையை மீட்டார். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இவ்வாண்டுகளைப் பிள்ளைகளிடம் ஒப்பிக்கத் தேவையில்லை. "நீ படைத்தலைவனாக இருந்தால் எந்தப் பக்கமிருந்து ஏறுவாய்? முற்றுகை நீண்டால் தண்ணீருக்கு என்ன செய்வாய்?" என்று கேட்டால் போதும். மொட்டைப் பாறையின் செங்குத்துச் சரிவும் மழைநீர் தேங்கும் சுனைகளும் விடை சொல்லும். உச்சியில் தெய்வத் திருமேனி இல்லாத கோயில் ஒன்று நிற்கிறது. ஏன் என்னும் கேள்வி தானே எழும். கீழே பேகம்பூரில் ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் உள்ளது. ஊர்ப்பகுதியின் பெயரே அவரால் வந்தது.

இரண்டாவது, பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததால் தொழில் பிழைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அலிகரில் இயந்திரத்தால் பெருமளவில் ஆகும் மலிவுப் பூட்டுகளோடு கைத்தொழில் போட்டியிட வேண்டியிருக்கிறது. பட்டறைக்கு வரும் இளைஞர் குறைந்துவிட்டனர். விசைப்பலகையிலும் தொடுதிரையிலும் வளரும் பிள்ளை, மாங்காய்ப் பூட்டு ஒன்றின் உட்புறத்தை ஒருமுறை காணட்டும். உள்ளிருக்கும் தகடுகள் ஒவ்வொன்றும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் தாழ் நகரும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் அதற்காகவே அரத்தால் அராவப்பட்டது. இயற்பியல் பாடத்து நெம்புகோல் இங்கே கைக்குள் அடங்கிவிடுகிறது. ஆயினும் பட்டறை காட்சிச்சாலை அன்று. இசைவு கேட்டு நுழைய வேண்டும். உழைப்பவரைக் கேளாமல் படமெடுக்கலாகாது. புறப்படும்போது பேரம் பேசாமல் ஒரு பூட்டு வாங்குவதே முறை.

நேரமிருந்தால் மதுரைச் சாலையில் காந்திகிராமத்தையும் காணலாம். டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது.

கொடைக்கானல் செல்வோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழியில் வரும் வத்தலக்குண்டு வெறும் தேநீர் நிறுத்தம் அன்று. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதி 26 வயதில் மறைந்த இராஜமையர் பிறந்த ஊர் அது. 'மணிக்கொடி' பி.எஸ். ராமையாவின் ஊர், 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பாவோடும் தொடர்புடைய ஊர். சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி.யுடன் 1908இல் சிறை புகுந்த சுப்பிரமணிய சிவா பிறந்ததும் இங்கேதான். செல்லப்பாவின் 'வாடிவாசல்' சிறு நூல். மலையேறி முடிப்பதற்குள் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை படித்துவிடக் கூடியது. அதை இவ்வூரைக் கடக்கும்போது கையில் கொடுப்பதைவிட நல்ல அறிமுகம் இராது.

விடுதியில் முன்பதிவு செய்தாயிற்று, வெயில் கொளுத்துகிறது, பிள்ளைகள் ஏரியில் படகோட்டவே விரும்புகிறார்கள் என்று சிலர் மறுக்கலாம். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மலையால் இக்கூட்டத்தைத் தாங்க இயலவில்லை என்பதே அதன் பொருள். சமவெளியில் அரை நாள் கழிப்பது மலைக்கும் நன்று.

நாம் அஞ்சுவது வேறொன்றை. எல்லாவற்றையும் கட்டணம் செலுத்திப் பெறும் கேளிக்கையாகவே கண்டு பழகிய பிள்ளை, ஓர் ஊர் எதனால் வாழ்கிறது என்று கேட்கவே மறந்துவிடும். திண்டுக்கல்லில் வளர்ந்தும் இம்மலையில் ஏறியிராத மாணவரை நம் வகுப்புகளில் காண்கிறோம். வெளியூரார் இறங்கி நடக்கத் தொடங்கினால், உள்ளூராருக்கும் தம் ஊர் கண்ணில் படக்கூடும்.