முதலில் அளவு, பிறகு போரிங் பார்!

தோட்டத்துப் பட்டறையிலும் பட்டணத்து மோட்டார் பட்டறையிலும் வேலை பார்க்கும் நம் தொழிலாளர் வீட்டு இளைஞர்கள் சிலர், பணம் சேர்த்து லைன் போரிங் கருவி ஒன்றைக் கூட்டாக வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருப்பது நம் காதுக்கு எட்டியிருக்கிறது. பால்வாளி தூக்கியவர்களின் பிள்ளைகள் எஞ்சினின் முதுகெலும்பை நேராக்கும் தொழிலில் இறங்க நினைப்பது நமக்குப் பெருமை தரும் செய்திதான். ஆயினும் கைதட்டிவிட்டு ஒதுங்கிவிடுவது நம் கடமையாகாது. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் எந்தக் கருவிக்குப் போகிறது? அந்தக் கருவியால் வரும் வேலைக்குரிய கூலி யார் கைக்குப் போகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் இப்போதே கேட்டுவிட வேண்டும்.

லைன் போரிங் என்றால் என்ன என்பதைப் பால் வெட்டும் தோழர்களும் அறிந்துகொள்வது நல்லது. எஞ்சினின் அடிப்பாகத்தில் கிராங்க் ஷாப்ட் சுழல்கிறது. அதைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் வரிசையாக அமைந்த துவாரங்களில் உட்கார்ந்திருக்கின்றன. மாஸி பெர்குசன் 135 டிராக்டரில் வந்த மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினில் இத்தகைய துவாரங்கள் நான்கு. நான்கும் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். எஞ்சின் தண்ணீரின்றிக் கொதித்துவிட்டாலோ, எண்ணெய் வற்றிப் பேரிங் ஷாப்டைப் பிடித்துக்கொண்டு துவாரத்துக்குள்ளேயே சுற்றிவிட்டாலோ அந்த நேர்கோடு கெட்டுவிடும். கோணல் வரிசையில் புதுப் பேரிங்கைப் போட்டு மூடினால், அது மறுபடியும் தேய்ந்து, முடிவில் ஷாப்டே முறிந்தாலும் முறியும். ஷாப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் நிற்கும் இடம் ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன்தான். அவ்வளவு சிறிய இடத்தில் கோணலுக்கு ஏது இடம்?

இந்தக் கோணலை நீக்க, எல்லாத் துவாரங்களையும் ஊடுருவிச் செல்லும் நீண்ட எஃகுத் தண்டில் ஒரு வெட்டு உளியைப் பொருத்தி, தண்டைச் சுழற்றி மெல்ல நகர்த்தி, துவாரங்களை ஒரே மையத்தில் கடைந்தெடுப்பதுதான் லைன் போரிங்.

இனி நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அளக்கும் கருவியை முதலில் வாங்குங்கள். வெட்டும் கருவியைப் பிறகு வாங்குங்கள். அளந்ததை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் எஞ்சினும் கெடும், தொழிலாளியும் கெடுவான்.

இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு பட்டறையில் கைத்துளைப்பானால் ஓட்டும் மலிவான கருவி ஒன்றை வாங்கி, நம் தம்பி ஒருவரிடம் கொடுத்து, எஞ்சினைக் கடையச் சொன்னார்கள். துவாரத்தின் உள்ளளவைப் பார்க்கும் டயல் போர் கேஜ் அந்தப் பட்டறையில் இல்லை. பேரிங் உள்ளே போயிற்று, ஷாப்டும் சுற்றிற்று, எல்லோரும் சரி என்றார்கள். சில வாரத்தில் பேரிங் துவாரத்துக்குள் சுழன்றுவிட்டது. பழி யார் தலையில் விழுந்தது? கருவியை வாங்கிய முதலாளியின் தலையிலா? அந்தத் தம்பியின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப் பார்த்தார்கள். சட்டம் அனுமதிக்காத பிடித்தம் எதுவும் கூடாது என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்வதை எடுத்துக்காட்டிய பிறகே அந்தப் பேச்சு அடங்கியது. ஆனால் தவறு கடைந்ததிலா, பேரிங்கிலா, எண்ணெயிலா என்பதற்கு அவரிடம் ஒரு வரி எழுத்து இல்லை. சம்பளம் தப்பிற்று, பெயர் தப்பவில்லை.

ஆகவே பட்டியலின் தலையில் இருக்க வேண்டியவை டயல் போர் கேஜ், ஷாப்டை அளக்கும் மைக்ரோமீட்டர், நேர்விளிம்புச் சட்டம், பீலர் கேஜ், நட்டுகளைக் குறித்த இறுக்கத்துக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஆகியவை. இவை இருந்தால் கருவி இல்லாமலே பாதி வேலை நடந்துவிடும். எந்த எஞ்சினுக்குக் கடைசல் தேவை, எதற்குத் தேவையில்லை என்று சொல்ல முடியும். தேவையற்ற கடைசலைத் தவிர்ப்பவனும் நல்ல தொழிலாளிதான்.

போரிங் பார் வாங்கும்போது மூன்று சோதனைகள் செய்ய வேண்டும்.

முதலாவது, தண்டு எதைப் பிடித்து நேர்கோட்டை அறிகிறது என்பது. தேய்ந்த துவாரத்திலேயே சாய்ந்து வழி தேடும் கருவி, அந்தத் தேய்வையே நகல் எடுக்கும். கோணல் மனிதனைக் கேட்டு நேர்வழி போக முடியுமா? தண்டுக்கு இரு முனையிலும் தனித் தாங்கிகள் இருக்க வேண்டும்; கெடாத துவாரங்களை அளந்து கண்டுபிடித்து, அவற்றின் மையத்தைக் கொண்டு தாங்கிகளை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, தண்டின் பருமன். துவாரத்துக்குள் போகக்கூடிய அளவில் மிகப் பருத்த தண்டே மேலானது. பருமன் இரண்டு மடங்கானால், வளையாமல் நிற்கும் வலிமை 16 மடங்காகும். ஒல்லியான தண்டு நடுவில் வளைந்து நடுங்கும். துவாரத்தின் உள்ளே அலைகள் விழும்.

மூன்றாவது, உளியை எவ்வாறு நகர்த்துவது என்பது. கண்மதிப்பில் தட்டித் தள்ளும் கருவி வேண்டாம். மைக்ரோமீட்டர் வைத்து உளியை நகர்த்த வழி இருக்க வேண்டும். உளி 0.01 மில்லிமீட்டர் வெளியே வந்தால் துவாரம் 0.02 மில்லிமீட்டர் அகலும். இதை மறந்து கெடுத்த எஞ்சின்கள் ஏராளம்.

வேலை செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். டிராக்டர் எஞ்சினில் பேரிங் மூடிகள் தனியே கழன்று வரும். அவற்றின் முகத்தில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை சமமாகச் சீவி, அதனதன் இடத்தில் அதனதன் திசையில் பூட்டி, புத்தகத்தில் கண்ட இறுக்கத்துக்கு முறுக்கி, பழைய அளவுக்கே கடைய வேண்டும். உளி பெரும்பாலும் மூடியின் பக்கமே வெட்ட வேண்டும். பிளாக்கின் பக்கம் ஆழமாக வெட்டினால் ஷாப்டின் மையம் மேலேறி, பல்சக்கரங்களின் பொருத்தமும் பிஸ்டனின் உயரமும் மாறிப்போகும்.

போக்ஸ்வேகன் வண்டுக் காரின் எஞ்சின் கூடு வேறு ஜாதி. அது இரண்டு பாதியாகப் பிளந்து வரும் மக்னீசியக் கலவை உலோகக் கூடு. அதில் பெரிய மெயின் துவாரம் 65 மில்லிமீட்டர். அதை 0.5 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, வெளியளவு பெருத்த பேரிங்கைப் போடுவது வழக்கம். பேரிங்கைக் கையில் வாங்கி அளந்து பார்க்காமல் உளியைத் தொடக் கூடாது. கடைந்த சூட்டோடு அளப்பதும் தவறு. கூடு 10 பாகை சூடேறினாலே அந்தத் துவாரம் ஏறக்குறைய 0.017 மில்லிமீட்டர் விரிந்துவிடும். ஆறவிட்டு அளக்க வேண்டும். துவாரம் சற்றே பெரிதானாலும் பேரிங்கைப் பிடிக்கும் பிடிப்புப் போய்விடும். நாம் மேலே சொன்ன தம்பியின் எஞ்சினில் நடந்ததும் அதுவாக இருக்கலாம். அளந்து எழுதியிருந்தால் ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்கே இடமிருந்திராது.

உயிரைப் பற்றிய ஒரு வார்த்தை. மக்னீசியச் சீவல் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது; தண்ணீர் பட்டால் தீ மேலும் சீறும். நன்கு உலர்ந்த மணல் வேண்டும்; உலோகத் தீக்கென்றே உள்ள டி வகை அணைப்பான் இருந்தால் அதனினும் நல்லது. சீவலை அவ்வப்போது கூட்டியெடுத்து, மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் உலர்வாக வைக்க வேண்டும். தீப்பொறி பறக்கும் கிரைண்டர் பக்கத்தில் இருக்கக் கூடாது. இவற்றை ஏற்பாடு செய்து கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. 1994-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காமல் இருந்தால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையை அது வழங்குகிறது. நம் இளைஞர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

இனி கூலிக்கு வருவோம். பல சங்கங்கள் ஒன்றாகி 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான காலத்தில் நம் பேச்செல்லாம் பால் வெட்டுக் கூலியைப் பற்றியே இருந்தது. இன்று நம் பிள்ளைகளில் சிலர் மயிரிழையை அளக்கும் வேலை செய்கிறார்கள். ஆனால் சம்பளப் புத்தகத்தில் அவர்களுக்குப் பெயர் ‘பொதுத் தொழிலாளி’! ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அது கீழ்ப்படி, மேற்கூரையன்று. கைத்தொழில் தேர்ந்தவனைக் கீழ்ப்படியிலேயே உட்கார வைப்பது நியாயமாகாது.

‘சான்றிதழ் எங்கே?’ என்று நிர்வாகம் கேட்கும். அதற்கும் வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுத் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், பயிற்சிக் கூடத்துக்குப் போகாமல் வேலையிலேயே கற்றவர்களும் தங்கள் முன் அனுபவத்தைக் காட்டி மலேசியத் தொழில்திறன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அனுபவத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். நாம் எழுதி வைக்கச் சொல்லும் நோட்டுப் புத்தகம் அப்போதும் கை கொடுக்கும். எந்த எஞ்சின், எந்த நாள், கடையுமுன் என்ன அளவு, கடைந்தபின் என்ன அளவு, எந்தப் பேரிங் என்று வரிசையாக எழுதிய புத்தகம் எஞ்சினுக்கும் சாட்சி, தொழிலாளிக்கும் சாட்சி.

கருவி எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் நிதானம் தேவை. மாதம் ஓர் எஞ்சின்கூட வராத பட்டறையில் கருவி துருப்பிடிக்கும். அங்கே பட்டணத்துக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒன்று வாங்குவதைவிட, அக்கம்பக்கத்துத் தோட்டத்து இளைஞர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வட்டாரத்துக்கு ஒன்று வாங்கி, அனுபவமுள்ள ஒருவரின் பொறுப்பில் வைக்கலாம். பழுதான பழைய பிளாக் ஒன்றை வாங்கிப் போட்டு, அதில் கடைந்து கடைந்து கை பழகிய பிறகே அடுத்தவர் எஞ்சினைத் தொட வேண்டும்.

தம்பிமார்களே! அவசரப்பட்டு மலிவைத் தேடி ஓடாதீர்கள். இந்த மாதம் அளவுகருவிக்குப் பணம் கட்டுங்கள். நாளைக்கே நோட்டுப் புத்தகத்தைத் திறந்து முதல் எஞ்சினின் அளவை எழுதுங்கள். உங்கள் பதவிப் பெயரையும் சம்பளத்தையும் கேட்க, அந்தப் புத்தகத்தோடு கிளைச் சங்கத்துக்கு வாருங்கள். கையில் கணக்கு வைத்திருப்பவனின் குரலை எந்த நிர்வாகமும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.