நம்மவர் வண்டியானாலும் எஞ்சினைப் பாருங்கள்

புனே வந்து சில வருடங்களில் குடும்பம் ஸ்கூட்டரில் அடங்காமல் போகிறது. பழையதானாலும் பரவாயில்லை, சின்னக் கார் ஒன்று வேண்டும் என்று தேடுகிறோம். மாற்றலாகி ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பத்தின் வண்டி நம் கைக்கு வருவதும் சகஜம். அப்போது நம்மில் பலர் பானட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "நம்ம ஊர்க்காரர், எப்படிச் சோதிப்பது?" என்ற கூச்சம்! இந்தக் கூச்சம் தேவையில்லை என்பதே என் கருத்து.

விற்பவர் நல்லவராக இருப்பது வேறு, வண்டி நன்றாக இருப்பது வேறு. அவருக்கே தெரியாத கோளாறு உள்ளே இருக்கலாம். "மாருதி என்றால் கவலையில்லை" என்பாரும் உண்டு. 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை வந்த மாருதி 800 சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. ஆனால் நற்பெயர் மாடலுக்குத்தான். நேரத்துக்கு ஆயில் மாற்றாத வண்டியை அது காப்பாற்றாது. ஓடிய கிலோமீட்டரை நம்பலாமா என்றால், மீட்டரையும் திருத்திவிடுகிறார்கள்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. குளிரில் சிறிது வெண்மை இயல்பே. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசியலாம். ஆயில் மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். பிறகு காத்ரஜ் காட் ஏற்றத்தில் ஏ.சி. போட்டு ஓட்டி, வெப்பமானி ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

புனேவுக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. 2019 செப்டம்பரில் ஆம்பில் ஓடைப் பக்கமும், 2024 ஜூலையில் சிங்ககட் சாலை ஏக்தா நகரியிலும் வெள்ளம் புகுந்தது. நீரில் நின்ற கார் துடைத்து மெருகேற்றி விற்பனைக்கு வரலாம். தரை விரிப்பைத் தூக்கிச் சேறும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் பதிவையும் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

முடிவாக, நம்பகமான மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்கும் அன்பரும் தாமாகவே, "மெக்கானிக்கோடு வாருங்கள்" என்று சொல்லட்டும். பொங்கல் விழாவில் ஒரே பந்தியில் உட்காரவேண்டியவர்கள் நாம். வாங்கிய பின் முகத்தைத் திருப்பிக்கொள்வதைவிட, வாங்கும் முன் பானட்டைத் திறப்பதே இரு குடும்பத்துக்கும் மரியாதை.