தாத்தா பேரைப் போடுங்க, அக்கா அட்ரஸைப் போடாதீங்க

வம்சாவளி மரம் வரையற பெரியவங்க மேல எனக்கு நிஜமாவே மரியாதை உண்டு. அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் திட்டறதுக்கு வசதியா இருக்கும்.

என் பெரியப்பா ரிட்டயர்டு ஆனதும் இதுல இறங்கினார். பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கோயில் நன்கொடை நோட்டுன்னு தேடித்தேடி ஏழு தலைமுறை சேர்த்தார். கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேரையே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நோட்டுல இருந்ததை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஒரு லிங்க்கும் பண்ணிக் குடுத்த புண்ணியவான் யாருன்னு கேக்கறீங்களா? அடியேன்தான். "யார் பார்க்கலாம்?"னு அது கேட்டப்ப "எல்லோரும்"னு அமுக்கினதும் இதே விரல்தான். பொட்டி தட்டறதே பொழப்பா வெச்சிருக்கறவன் பண்ற வேலையா இது?

ரெண்டு வாரம் கழிச்சு அக்கா கூப்பிட்டா. சித்தப்பா பொண்ணு. வேற சாதிப் பையனைக் கல்யாணம் பண்ணிட்டு வெளியூர் போனவ. அவ எங்க இருக்கான்னு குடும்பத்துல நாலே பேருக்குத்தான் தெரியும். "டேய், என் வீட்டு அட்ரஸையும் பாப்பா போட்டோவையும் யாருடா போட்டது?"ன்னா. கோவமா கேட்டிருந்தா பரவாயில்லைங்க. குரல் நடுங்குச்சு.

2016ல உடுமலைப்பேட்டையில பட்டப்பகல்ல, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல என்ன நடந்ததுன்னு நமக்கெல்லாம் தெரியும். இந்த ஊர்ல ஒரு பொண்ணோட அட்ரஸ் வெறும் தகவல் இல்லை சார்.

பெரியப்பா கிட்ட சொன்னேன். "எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னுதானேடா அவளையும் சேர்த்தேன்"னார். சத்தியமா பாசத்துலதான் சேர்த்திருக்கார். அவ புருஷன் பேரையும் மரியாதையா எழுதியிருந்தார். பாசத்தைப் பத்தி எனக்குப் புகார் இல்லை. கேக்காம சேர்த்ததுதான் புகார்.

இந்த மாதிரி சொன்னா உடனே வர்ற பதில்கள் மூணு.

ஒண்ணு, "நம்ம குடும்பத்துல என்ன ரகசியம்?" இருக்குங்க. எல்லா வீட்லயும் இருக்கு. முதல் கல்யாணம் முறிஞ்ச அத்தை, தத்தெடுத்த விஷயம் இன்னும் தெரியாத பையன், "பிறந்த வருஷம்" குட்டை உடைச்சுடுமோன்னு பயப்படற வரன் தேடற மாமா. அவங்கவங்க கதையைச் சொல்ற உரிமை அவங்கவங்களுக்கு. மரம் வரைஞ்சவருக்கு இல்லை.

ரெண்டு, "ஆதார்ல எல்லாம் குடுத்தாச்சு, இனிமே என்ன?" சரி, ஆதாருக்கே வருவோம். டவுன்லோடு பண்ற ஆதார் பிடிஎஃப்புக்கு கடவுச்சொல் என்ன? இங்கிலீஷ்ல பேரோட முதல் நாலு எழுத்து, கூட பிறந்த வருஷம். நம்மாளுங்க அந்த ஃபைலை ஜெராக்ஸ் கடைக்கெல்லாம் மெயில் பண்ணிட்டு வந்துடறோம். அந்தப் பூட்டோட சாவி நம்ம வம்சாவளி மரத்துல கொத்துக்கொத்தா காய்ச்சுத் தொங்குது. இதுல போன் நம்பரும் உறவுமுறையும் வேற இருந்தா, "சித்தி, நான் உங்க பெரிய மாமா பேரன் பேசறேன், ஆக்சிடெண்டு"ன்னு எவன் வேணும்னாலும் பணம் கேக்கலாம்.

மூணு, "என் விவரம் நான் போடறேன், உனக்கென்ன?" உங்க விவரம் மட்டும்னா யாருங்க கேக்கப் போறா? மரத்துல ஒருத்தர் பேரு போட்டா பத்துப் பேரு சேர்ந்து வர்றாங்க. 2023ல 23அண்ட்மீ டிஎன்ஏ கம்பெனியில நடந்ததைப் பாருங்க. வேற தளங்கள்ல கசிஞ்ச பாஸ்வேர்டை வெச்சு நேரடியா நுழைஞ்சது சுமார் 14,000 கணக்குல. ஆனா சொந்தக்காரங்களைக் காட்டற வசதி வழியா விவரம் போனது சுமார் 69 லட்சம் பேருக்கு! யாரோ ஒரு ஒன்னுவிட்ட தம்பி ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்துலயும் வெச்சதுக்கு ஊரே தண்டம் கட்டுச்சு.

அமெரிக்காக்காரன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஒவ்வொருத்தர் விவரத்தையும் 72 வருஷம் பூட்டி வைக்கறான். 1950 கணக்கு 2022லதான் வெளிய வந்தது. இங்கிலாந்துல 100 வருஷம். நம்ம ஊர்ல 1948 சட்டப்படி தனி ஆளோட பதிவை யாரும் போய்ப் பார்க்கவே முடியாது. அரசாங்கங்களே இவ்வளவு யோசிக்குது. நானும் பெரியப்பாவும் 72 நிமிஷம் யோசிக்கலை.

சட்டம் காப்பாத்தும்னும் இருக்காதீங்க. 2017ல ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னாங்க, சந்தோஷம். 2023ல தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதுல சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு இருக்கு. ஊரே பார்க்கற மாதிரி தொங்கவிட்டது வீட்டு உபயோகமான்னு வக்கீலுங்க சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள, வர வேண்டியவன் அட்ரஸைக் குறிச்சுட்டுப் போயிருப்பான்.

அப்போ மரமே வேண்டாமா? வேணும்! செத்துப்போனவங்களைத் தாராளமா எழுதுங்க. அதுக்குத்தானே இந்த ஆராய்ச்சியே. நூறு வருஷத்துக்குள்ள பிறந்து, இறந்த தேதி தெரியாதவங்களை உயிரோட இருக்கறவங்களாவே எடுத்துக்குங்க. அவங்க இடத்துல "உயிருடன் உள்ளார்"னு மட்டும் போட்டா போதும். மரம் பட்டுப்போகாது. கிராம்ப்ஸ் மாதிரி இலவச மென்பொருள்லயே வெளியே அனுப்பும்போது அவங்க விவரத்தை மறைக்கற வசதி இருக்கு. முழு விவரம் வேணும்னா வீட்டு நோட்டுல இருக்கட்டும். பொதுவுல போடணும்னா ஒரு போன் போட்டுக் கேளுங்க. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேக்காதீங்க.

லிங்க்கை அன்னிக்கே மூடிட்டேன். இடைப்பட்ட ரெண்டு வாரத்துல யார் யார் பார்த்தாங்க, யார் காப்பி எடுத்தாங்கன்னு தெரியாது. அக்கா இப்போ வீடு மாத்திட்டா. புது அட்ரஸ் தெரிஞ்ச நாலு பேர்ல நான் இல்லை.

டிஸ்கி: பெரியப்பா இப்பவும் மரம் வரையறார், நோட்டுல. அக்கா பேருக்கு நேரா பென்சில்ல ஒரு வரி மட்டும்: "நல்லா இருக்கா."