வெள்ளத்தின் சாட்சி

சரித்திரம் எழுதப் புகுவோர் அரசாங்க அறிக்கைகளையும் பத்திரிகைகளையும் நாடுவரேயன்றி, ஓர் இசைத்தட்டைச் சாட்சியாக அழைப்பார் மிகச் சிலர். இவ்வழக்கம் குறைபாடுடையது என்பது நமது கருத்து. அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில், பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே பிறந்த துயரப் பாட்டு ப்ளூஸ் எனப்படும். அதில் வல்லவரான சார்லி பாட்டன் 1929-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாடிய 'ஹை வாட்டர் எவ்ரிவேர்', அதாவது 'எங்கும் வெள்ளம்', என்னும் பாட்டையே ஈண்டுக் கருதுகின்றோம்.

1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் மவுண்ட்ஸ் லாண்டிங் என்னுமிடத்தில் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்தது. கிரீன்வில் நகரில் ஏறக்குறைய 13,000 கறுப்பின மக்கள் கரைமேட்டில் ஒதுங்கினர். அவர்களை ஏற்றிச் செல்லக் கப்பல்கள் வந்திருந்தன, ஏற்றினாரில்லை. போனவர் தோட்டவேலைக்குத் திரும்பார் என்று தோட்ட முதலாளிகள் அஞ்சியதே காரணம். துப்பாக்கி ஏந்திய காவலின்கீழ் அம்மக்கள் கூலியின்றி வேலை வாங்கப்பட்டனர்.

பாட்டனது பாட்டில் ஒருவன் மேட்டுநாட்டுக்குப் போக விரும்புகிறான். ஆனால் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. பாடகர் கூறுவது அவ்வளவே. அடைத்தவர் யார் என்று அவர் விரித்துரைக்கவில்லை. டெல்டாவில் வாழ்ந்த கறுப்பினத்தார் ஒருவர் அக்காலத்தில் அதனை வெளிப்படக் கூறிப் பிழைத்தல் அரிது. மற்று, கித்தாரின் உடலைத் தட்டியும் காலால் தரையை மிதித்தும் அவர் எழுப்பும் ஓசையில் அச்சமும் சினமும் ஒருங்கே கேட்கின்றன.

ஒரே பாட்டில் பாடகர் கிரீன்வில், ரோஸ்டேல், விக்ஸ்பர்க் எனப் பல ஊர்களிலும் தாமே நின்றாற்போலப் பாடுகிறாரே, இஃது எங்ஙனம் சாட்சியாகும் என வினவுவாருளர். நாம் அதனைக் குறையாகக் கொள்ளோம். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்த வெள்ளம் அது. 'நான்' என்னும் அச்சொல்லில் பலருடைய குரல் அடங்கியுள்ளது. பிரேதங்களையும் கூடாரங்களையும் எண்ணியெழுதிய அறிக்கைகளில், கரைமேட்டில் நின்றவன் நெஞ்சத்துக்கு இடமில்லை.

இதனைப் பதிவு செய்த பாரமவுண்ட் கம்பெனி விஸ்கான்சின் மாகாணத்து நாற்காலித் தொழிற்சாலை ஒன்றைச் சார்ந்தது! கிராமபோன் பெட்டி விற்கத் தட்டுகளும் வேண்டியிருந்தன போலும். பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிஷமே கொள்ளுமாதலின், பாட்டு இரு பக்கங்களாகப் பிரிந்தது. தட்டு வார்த்த அரக்கும் மட்டமானது. பாட்டன் 1934-இல் இறந்தார். மூல அச்சுகள் அழிந்தன. ஊசி தேய்த்த பழைய தட்டுகளிலிருந்தே இன்று இப்பாட்டைக் கேட்கின்றோம், இரைச்சலினூடே.