பூசி மறைத்த குழாயும் வாய் திறவாத ஜமாஅத்தும்

 

அலங்காநல்லூரில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று. வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு கட்டியது. துஆ ஓதிக் குடிபுகுந்து எட்டு மாதங்கள் ஆகவில்லை. குளியலறைச் சுவருக்கு மறுபுறம் ஓதம் பூத்தது. வண்ணப்பூச்சு உப்பி உதிர்ந்தது. மேல்தொட்டி இரவில் நிரம்பினால் விடியலில் பாதியாக இருந்தது. உளூச் செய்யும்போது நீரை வீணாக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வீட்டில், சுவருக்குள் இரவும் பகலும் நீர் வீணாகிக்கொண்டிருந்தது.

வீட்டைக் கட்டிக்கொடுத்த காண்ட்ராக்டரும் நம் சமுதாயத்தவரே. "ஒரு வருஷத்துக்கு எது ஆனாலும் நான் பொறுப்பு" என்று வாயால் சொன்னவர். இப்போது அவரிடம் மூன்று பதில்கள் உள்ளன: தண்ணீர் உப்பு, பிளம்பர் செய்த தவறு, சாமான் வாங்கியது நீங்கள். அதன் பிறகு தொலைபேசியை எடுப்பதே இல்லை. வீட்டுக்காரர் பள்ளிவாசல் பெரியவர்களிடம் சென்றார். அவர்கள் சொன்னது: "நம்ம ஆளுதானே, சபூர் செய்யுங்கள்."

இந்த ஒரு சொல்லைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

சபூர் என்பது அல்லாஹ் தரும் சோதனையில் அடியான் கொள்ளும் உறுதி. ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு செய்த குறையை மூடிமறைக்க அதைத் திரையாக்குவது மார்க்கத்தை மலிவாக்கும் செயல். பாதிக்கப்பட்டவனிடம் மட்டும் பொறுமையைக் கேட்டுவிட்டு, பொறுப்பேற்றவனிடம் எதையும் கேட்காத ஜமாஅத், சமாதானத்தின் பெயரால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

மதீனாவின் கடைத்தெருவில் நடந்த நிகழ்ச்சியை நாம் எத்தனையோ ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தார்கள். அடியில் ஈரம் தட்டியது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. இதில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த ஈரத்தை உண்டாக்கியவர் வியாபாரி அல்லர்; மழை. ஆயினும் மறைத்த குற்றம் அவருடையதாயிற்று. அவ்வாறிருக்க, "பிளம்பர் செய்தது" என்று காண்ட்ராக்டர் தப்பிக்க வழியேது? முழு வேலைக்கும் சேர்த்து விலை பேசியவர் அவர். பிளம்பரை அழைத்து வந்தவரும் அவர். குழாயைச் சோதிக்காமல் பூச்சுக்கு அனுமதித்தவரும் அவரே.

சோதிப்பதும் பெரிய வித்தையன்று. குழாய்களைச் சுவருக்குள் பதித்தபின், பூசுவதற்கு முன், எல்லா முனைகளையும் அடைத்து நீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மானியின் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஓர் இணைப்பு ஒழுகுகிறது. சிபிவிசி குழாய்க்கு அதற்குரிய பசையைப் பூச வேண்டும். கையில் கிடைத்த பிவிசி பசை போதாது. வெந்நீர் செல்லும் வழியில் சாதாரண பிவிசி குழாயைப் பதிக்கக் கூடாது. தொழில் செய்பவர் எல்லோருக்கும் தெரிந்தவை இவை. தெரிந்தும் அரை நாளை மிச்சப்படுத்த விட்டுவிடுவதும், அதன்மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பதும், ஈரத் தானியத்தின் மேல் காய்ந்த தானியத்தைப் பரப்புவதற்கு ஒப்பானவை.

எனினும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் நிரபராதிகள் என்று நாம் சொல்லவில்லை. காண்ட்ராக்டர் வேண்டாம் என்று தடுத்தும் மலிவான குழாயைத் தாமே வாங்கிக் கொடுத்தவர், அதனால் வந்த குறையைத் தாமே சுமக்க வேண்டும். பூசிய பின் வேறு ஆளைக் கொண்டு சுவரைத் துளைத்தவரும் அப்படியே. சண்டை காண்ட்ராக்டரோடு இருக்க, பிளம்பரின் நாட்கூலியைப் பிடித்துவைப்பது அநியாயம். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கக் கற்றவர்கள் நாம். இல்லாத குறையைச் சொல்லிக் கடைசித் தவணையை விழுங்குபவரும் நம்மிடையே உண்டு. வாதத் திறமையால் பிறர் உரிமையைத் தமக்குச் சாதகமாகத் தீர்ப்பாக்கிக்கொள்பவர் நெருப்புத் துண்டையே பெறுகிறார் என்ற நபிமொழி இருதரப்பாருக்கும் உரியது.

நம் சமுதாயத்தில் இத்தனை வழக்குகளும் முளைக்கும் இடம் ஒன்றே: எழுதாத ஒப்பந்தம். இருபது, முப்பது இலட்ச ரூபாய் வேலையை ஒரு டீக்கடைப் பெஞ்சில் பேசி முடிக்கிறோம். எழுதக் கேட்டால் "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுருங்குகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதா, நோன்பைப் பற்றியதா? இரண்டுமில்லை. கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. சஹாபாக்களுக்கே எழுதச் சொன்ன மார்க்கத்தில், எழுதுவதை அவமானமாகக் கருத நாம் யார்?

ஆகவே எழுதுங்கள். எந்தக் குழாய், எந்தத் தரம், யார் வாங்குவது. பூசுமுன் அழுத்தச் சோதனை இருவர் முன்னிலையில். குழாய் செல்லும் பாதையின் புகைப்படம். கசிவுக்கு எத்தனை மாதம் பொறுப்பு, தகவல் சொன்ன எத்தனை நாளில் சரிசெய்வது. அதுவரை எவ்வளவு தொகை நிறுத்திவைக்கப்படும். ஒரு தாள் போதும். நேர்மையான காண்ட்ராக்டருக்கும் அதுவே காவல். அவர் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதும் அதில்தான் இருக்கும்.

எழுதாமல் போனவர்கள் என்ன செய்வது? முதலில் கசிவைத் தேதியோடு படமெடுத்து, குறையைக் கடிதமாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, சரிசெய்ய நியாயமான கால அவகாசம் கொடுக்க வேண்டும். சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரிடம் காரணத்தை எழுதி வாங்க வேண்டும். அதற்குமுன் சுவரை உடைத்துவிட்டால் சான்றும் உடைந்துபோகும். அடுத்து ஜமாஅத்.

கஅப் பின் மாலிக் (ரழி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலில் கேட்டபோது குரல்கள் உயர்ந்தன. வீட்டிலிருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி, பாதியைத் தள்ளிவிடுமாறு சைகை செய்தார்கள். அவர் உடனே இணங்கினார். அந்த நொடியே கடன்பட்டவரிடம், எழுந்து சென்று மீதியைக் கொடுத்துவிடுமாறு கட்டளையிட்டார்கள். புகாரியில் உள்ள இந்த நிகழ்ச்சியின் முதல் பாதியை மட்டுமே நம் ஜமாஅத்துகள் மனப்பாடம் செய்திருக்கின்றன. விட்டுக்கொடு என்று ஒருவரிடம் சொல்கிறோம். எழுந்து போய்ச் சரிசெய் என்று மற்றவரிடம் சொல்ல நா எழவில்லை. இரண்டாவது பாதி இல்லாத சமரசம் சமரசமே அன்று.

ஜமாஅத்தில் தீராவிட்டால் சட்டத்தின் கதவைத் தட்டுவதில் பாவம் ஏதுமில்லை. வீடு கட்டிக்கொடுப்பது நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993 நவம்பரில் தீர்ப்பளித்தது. இப்போது நடப்பிலுள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்றே வரையறுக்கிறது. கொடுத்த தொகை 50 இலட்ச ரூபாய் வரை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். "சபூர்" என்று தள்ளிப்போடுபவர் இழப்பது இந்தக் காலத்தைத்தான். உதவிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண் உண்டு. இரு தரப்பும் இசைந்தால் சமரசத்துக்கு அனுப்பவும் அச்சட்டத்தில் இடமிருக்கிறது.

நிறுவனத்திடம் அடுக்குமாடி வீடு வாங்கியவருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் கட்டடமாயின், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையையும் வேலைத்திறன் குறையையும் கட்டியவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் காண்ட்ராக்டரை வைத்துக் கட்டியவருக்கு இந்த ஐந்தாண்டு இல்லை. அவருக்குக் கையிலுள்ள ஒப்பந்தமும் நுகர்வோர் சட்டமுமே துணை. எழுதுங்கள் என்று நாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

காண்ட்ராக்டர் சகோதரர்களே! நீங்கள் கட்டிய வீட்டில் ஐந்து வேளை தொழுகை நடக்கிறது. அங்கே சுவர் கசியும் ஒவ்வொரு நாளும் அவ்வீட்டாரின் துஆ உங்களுக்குச் சாதகமாக இருக்குமா, பாதகமாக இருக்குமா என்று யோசியுங்கள். அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்பதை நாம் அறிவோம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! நிக்காஹ் பதிவேட்டைப் போல, வீட்டு ஒப்பந்தத்துக்கும் ஒரு மாதிரிப் படிவத்தைப் பள்ளிவாசலில் வையுங்கள். அடுத்து ஒருவர் ஒழுகும் சுவரோடு உங்கள் முன் வந்து நின்றால், காண்ட்ராக்டரையும் அழைத்து உட்காரவைத்து, "எழுந்து போய்ச் சரிசெய்யுங்கள்" என்று சொல்லுங்கள்.

கொடுத்த வாக்கை நிறைவேற்றும் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.