நோய் முற்றும்வரை காத்திருக்கும் காப்பீடு

ஏழை உழைப்பாளி ஒருவனின் சிறுநீரகம் கெட்டுப்போனபின், அவனுக்குக் குருதித் தூய்மிப்புச் செய்ய நம் மாநில அரசின் காப்பீடு பணம் தரும். அவன் நெஞ்சாங்குலைக் குழாய் அடைத்துக்கொண்டபின், அறுவைப் பண்டுவத்துக்கும் தரும். ஆயின், அவ்விரண்டையும் கெடுக்கவல்ல நீரிழிவையும் குருதிக் கொதிப்பையும் தொடக்கத்திலேயே கண்டு அடக்கக்கூடிய தெருமுனைக் குடும்ப மருத்துவரிடம் அவன் போவானானால், அக் காப்பீட்டு அட்டை அங்குச் செல்லாது! வேர் வாடும்போது வாளாவிருந்து, மரம் சாய்ந்தபின் முட்டுக் கொடுக்கும் முறை இது.

2009 சூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 சனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கப்பெற்றன. பின்னது குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலக்கம் உரூபா வரை காப்பளிக்கும் அளவுக்கு வளர்ந்தது. இவற்றால் உயிர் பிழைத்தோர் பலர். அதனை மறைப்பது அறமன்று. எனினும், இரண்டுமே மருத்துவமனைப் படுக்கையை நோக்கி அமைந்தவை. படுக்கையில் விழாமற் காப்பதற்கு அமைந்தவையல்ல.

“அரசு மருத்துவமனைகளும் தொடக்க நலவாழ்வு நிலையங்களும் கட்டணமின்றி மருந்து தருகின்றனவே, 2021 ஆகத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டு சேர்க்கின்றதே” என்பர். உண்மை; பாராட்டுகின்றோம். ஆனால், பகல் வரிசையில் நின்றால் அன்றைக் கூலி போகும் என்று அஞ்சி, பொழுது சாய்ந்தபின் தனியார் மருத்துவரிடம் கைக்காசு கொடுப்போரை நாம் நாளும் காண்கின்றோம். கூலி குறைந்த திங்களில் அவர்கள் முதலில் நிறுத்துவது மருந்தையே. நிறுத்திய அம் மருந்தின் விலையை, ஆண்டுகள் சில கழித்து, அறுவைக் கூடத்தில் அரசே பன்மடங்காகக் கொடுக்க நேர்கின்றது.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. கனடாவில் சாசுகாச்சுவான் என்னும் மாநிலம், மக்கள்தொகை 10 இலக்கத்தையும் எட்டாத நிலையில், மருத்துவரிடம் போகும் செலவையே பொதுக் காப்பீட்டில் சேர்த்தது. தாமி தக்ளாசு முதல்வராக இருந்து வகுத்த அத் திட்டம் 1962 சூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. அன்றே மருத்துவருள் பெரும்பாலார் தம் நிலையங்களை அடைத்து, 23 நாள் பணி மறுத்தனர். மக்கள் கைகட்டி நிற்கவில்லை. சாசுகாட்டூன் நகரில் கூட்டுறவாய் ஒன்றுகூடி, திட்டத்தை ஏற்ற மருத்துவரைக் கொண்டு, அதே சூலைத் தொடக்கத்தில் தமக்கெனக் குடும்ப மருத்துவ நிலையம் திறந்தனர். எதிர்த்தோரும் இறுதியில் உடன்பட்டனர். 1966-இல் நடுவணரசு அவ்வழியே சட்டம் இயற்ற, 1972-க்குள் அது கனடா முழுமைக்கும் பரவிற்று. ஒரு மாநிலம் நட்ட விதை, ஒரு நாட்டுக்கே நிழலாயிற்று!

இங்கும் மக்கள் நலவாழ்வும் மருத்துவமனைகளும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளவையே. பிறர் இசைவுக்குக் காத்திராமல் தமிழக அரசு தொடங்கலாம். முதற்கண் நீரிழிவு, குருதிக் கொதிப்பு ஆகிய இரண்டுக்கு மட்டுமேனும், மாலையில் இயங்கும் குடும்ப மருத்துவ நிலையங்கள் காப்பீட்டு அட்டையை ஏற்கச் செய்க. ஊசிக்கு இவ்வளவு, ஆய்வுக்கு இவ்வளவு எனக் கொடுத்தால் ஊசியும் ஆய்வுமே பெருகும். ஆதலின், இங்கிலாந்தில் 1948 முதல் குடும்ப மருத்துவர்க்குக் கொடுப்பதுபோல, பதிவு செய்துகொண்டோர் தலைக்கு இவ்வளவு என ஆண்டுத் தொகை வரையறுக்க. நோயாளர் நலமாயிருப்பதே மருத்துவர்க்கும் ஊதியமாகட்டும்.

வீழ்ந்தவனைத் தூக்குவது இரக்கம். வீழாமற் காப்பதே ஆட்சி. அவ் ஆட்சியைக் கேட்டுப் பெறுவது, வரி கொடுக்கும் மக்களாகிய நம் உரிமை. கேட்போம், பெறும்வரை கேட்போம்!